ஏப்ரலில் பேஸ்மென்ட் வீடு: எடுக்கலாமா?

கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஃபோர்ட் மக்முரே டவுன்டவுனில் வாடகைக்கு பேஸ்மென்ட் (தரைக்குக் கீழே இருக்கும் வீடு) பார்த்திருக்கிறீர்கள், மழையே இல்லாத ஏப்ரலில் வெள்ளம் எப்படி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே வெள்ளத்துக்கு மழை வேண்டாம், ஐஸ் போதும்.

அந்த ஊர் வழியாகப் போகும் அதபாஸ்கா ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது. தெற்கே ஐஸ் முதலில் உடைந்து மிதந்து வரும். வடக்கே ஆறு இன்னும் உறைந்து இறுகிக் கிடக்கும். வந்த பாளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி அணைபோல நின்றுவிடும். தண்ணீர் பின்னோக்கித் தள்ளப்பட்டு, அங்கே வந்து சேரும் கிளியர்வாட்டர் ஆற்றுக்குள் புகுந்து டவுன்டவுனுக்கு வந்துவிடும். 2020 ஏப்ரல் கடைசியில் அந்த அடைப்பு ஏறக்குறைய 25 கிலோமீட்டர் நீளம். சுமார் 13,000 பேர் வெளியேறினார்கள்.

என்னைக் கேட்டால் அதே ஊரில் டிம்பர்லீ பகுதிப் பக்கம் மேட்டில் பாருங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் சரி. இதையேதான் எடுப்பீர்கள் என்றால் இன்சூரன்ஸ்காரரிடம் ஆற்று வெள்ளம், சாக்கடைத் தண்ணீர் மேலேறுவது இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். சாதாரண வாடகைதாரர் பாலிசியில் இவை பெரும்பாலும் சேர்ந்திருக்காது. வீட்டுக்காரர் பேக்வாட்டர் வால்வு (சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் திரும்பி வராமல் தடுப்பது) போட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள். பாஸ்போர்ட், நகையெல்லாம் ஏப்ரல் முழுக்க ஒரே பையில் இருக்கட்டும். ஐஸ் அடைத்தால் சில மணி நேரத்திலேயே தண்ணீர் ஏறிவிடும், பேஸ்மென்ட்டில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.