புளூட்டோவின் வம்சம்

அன்புள்ள ஐயா,

நான் முதுகலை ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இடைக்கால பிரிட்டிஷ் இலக்கியத்தில் பண்டைய பேகன் (கிறித்தவத்துக்கு முந்தைய) தொன்மங்களின் தாக்கம் பற்றி ஆய்வேடு எழுதவிருக்கிறேன். இதுவரை வாசித்ததில் எனக்கு ஒரு சித்திரம் கிடைத்திருக்கிறது. திருச்சபை பழைய தெய்வங்களை அழித்தது. அவற்றின் கதைகளைப் பிரதியெடுத்த துறவிகள் அவற்றின் மேல் கிறித்தவச் சாயத்தைப் பூசினார்கள். சில கவிஞர்கள் மட்டும் பழைய நம்பிக்கையை மறைமுகமாகக் காப்பாற்றி நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள். ‘சர் ஓர்ஃபியோ’ என்ற இடைக்கால ஆங்கிலக் கவிதை இதற்குச் சிறந்த சான்று என்றும், அது உண்மையில் அயர்லாந்து, வேல்ஸ் போன்ற நாடுகளின் பழைய மரபைச் சேர்ந்த ஒரு கெல்டியக் கதை, கிரேக்கப் பெயர்கள் பிறகு ஒட்டப்பட்டவை என்றும் எங்கள் வகுப்பில் சொன்னார்கள். இந்தச் சாயத்தை நீக்கி அசல் தொன்மத்தைக் கண்டடைவது எப்படி? ஈஸ்டர், கிறிஸ்துமஸ் ஆகியவையும் பேகன் விழாக்கள்தாம் என்கிறார்களே, அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாமா? எந்த நூல்களை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டுகிறேன்.

நவீன்

அன்புள்ள நவீன்,

சில வாரங்களாக நான் ‘சர் ஓர்ஃபியோ’வைத் திரும்பப் படித்துவருகிறேன். சேர்ந்து கிடக்கும் கடிதங்களில் உங்களுடையதற்கு முதலில் பதில் எழுதக் காரணம் அதுதான். கடிதத்தில் தெரியும் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதில் திருச்சபை இருக்கிறது, சாயம் இருக்கிறது, வகுப்புக் குறிப்பு இருக்கிறது. அந்தக் கவிதையிலிருந்து ஒரு காட்சிகூட இல்லை. சுமார் 600 வரிகளே உள்ள ஒரு கவிதையைப் படிக்காமலே அதில் அசல் எது, சாயம் எது என்று பிரிக்கக் கிளம்பிவிட்டீர்கள். உங்களுக்குக் கற்பித்த முறைக்கும் இதில் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஆய்வேட்டின் முகப்பில் இருக்கப்போவது உங்கள் பெயர்.

ஈஸ்டர், கிறிஸ்துமஸ் பேச்சை விட்டுவிடுங்கள். ஈஸ்டருக்குப் பெயர் தந்தவளாகச் சொல்லப்படும் ஈயோஸ்ட்ரே என்ற பெண்தெய்வத்தைப் பற்றிப் பழங்காலத்திலிருந்து நமக்குக் கிடைப்பது, துறவி பீட் 725இல் எழுதிய காலக்கணித நூலில் வரும் ஒரு சிறு குறிப்பு மட்டுமே. அதை வைத்து எதையும் கட்டலாம். அது இலக்கிய ஆய்வாகாது.

திருச்சபை அழித்தது என்பதில் உண்மை இருக்கிறது. ஆங்கிலேயர்களின் முன்னோர் வணங்கிய வோடன் இன்று அரச வம்சாவளிப் பட்டியல்களிலும், ஒன்பது மூலிகைகளைப் பாடும் ஒரு மந்திரப் பாட்டிலும், வாரத்தின் ஒரு நாளின் பெயரிலும், இப்படிச் சில இடங்களில்தான் மிஞ்சியிருக்கிறான். அவனைப் பற்றிப் பழைய ஆங்கிலத்தில் முழுமையான ஒரு கதைகூட நமக்கு வந்து சேரவில்லை. அது பேரிழப்பு. ஆனால் அதே தெய்வத்தின் கதைகள் ஐஸ்லாந்தில் கிடைக்கின்றன. அவற்றை 1220ஆம் ஆண்டை ஒட்டித் தொகுத்து எழுதிய ஸ்னோரி ஸ்டர்லுசன் ஒரு கிறித்தவர், அவருடைய நாடு மதம் மாறி இரண்டு நூற்றாண்டுகள் கடந்திருந்தன. அழித்த கையும் காத்த கையும் ஒரே சமயத்தாருடையவை. இதை மறைத்துவிட்டு ஒரு கையை மட்டும் காட்டுவது நேர்மையாகாது.

துறவிகள் பழங்கதைகளை வெறுத்தார்கள் என்றும் எண்ணாதீர்கள். 797ஆம் ஆண்டில் ஆங்கிலத் திருச்சபை அறிஞர் அல்குயின் ஓர் ஆயருக்குக் கடிதம் எழுதிக் கடிந்துகொள்கிறார். உணவு வேளையில் இறைவனின் சொல்தான் வாசிக்கப்பட வேண்டும், யாழ்ப்பாணனின் பாட்டு ஒலிக்கக் கூடாது. இங்கெல்டுக்கும் கிறிஸ்துவுக்கும் என்ன உறவு, வீடு குறுகலானது, இருவருக்கும் அதில் இடமில்லை என்கிறார். இங்கெல்ட் என்பவன் பழைய வீரகாவிய மரபின் நாயகன், ‘பெயோவுல்ஃப்’ என்ற பழைய ஆங்கிலக் காவியத்திலும் வருகிறவன். திருச்சபையின் கண்டிப்புக்குச் சான்றாக இக்கடிதத்தைக் காட்டுவது வழக்கம். நான் அதில் வேறொன்றைப் பார்க்கிறேன். சமயப்பணியாளர்கள் சோற்றுத்தட்டின் முன் அமர்ந்து பழைய வீரனின் பாட்டை விரும்பிக் கேட்டுக்கொண்டிருந்ததால்தான் அல்குயினுக்குக் கோபம் வந்தது. அதே எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள திமிங்கல எலும்புப் பேழை. அதன் முன்பக்கத்தில் இடப்பாதியில் வேலண்ட் என்ற கொல்லனின் பழிவாங்கும் கதை செதுக்கப்பட்டிருக்கிறது. வலப்பாதியில் குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை கொண்டுவரும் ஞானியர். இரண்டுக்கும் ஒரே உளி, ஒரே கவனம். அந்தச் சிற்பியைக் கூப்பிட்டு, இதில் உன் அசல் எது என்று கேட்க முடியுமா?

இனி ஓர்ஃபியோவுக்கு வருகிறேன். கிரேக்கக் கதையின் ஓர்ஃபியஸ் யாழிசையால் பாதாள வேந்தனை உருக்கி, திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு இறந்த மனைவியை மீட்டுவருகிறான்; வழியில் திரும்பிப் பார்த்து அவளை மீண்டும் இழக்கிறான். கவிதையின் மிகப் பழைய பிரதி 1330களில் லண்டனில் எழுதப்பட்டு, இன்று எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் உள்ள ஆக்கின்லெக் சுவடியில் இருக்கிறது. கிறித்தவத்தைப் பரப்ப அகஸ்டின் இங்கிலாந்தின் கென்ட் நாட்டில் வந்திறங்கிய 597ஆம் ஆண்டிலிருந்து கணக்கிட்டால் அதற்குள் ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. மறைத்துக் காப்பாற்ற வேண்டிய பழைய வழிபாடு எதுவும் அந்தக் கவிஞரின் நெஞ்சில் இருந்திருக்க முடியாது. ஓர்ஃபியோவின் தந்தை புளூட்டோ அரசனின் வழிவந்தவன், தாய் ஜூனோ அரசனின் வழிவந்தவள், இவர்கள் ஒரு காலத்தில் தெய்வங்களாக எண்ணப்பட்டவர்கள் என்று அவர் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார். (ஜூனோ பெண்தெய்வம் என்பதுகூட அவருக்கோ பிரதியெழுதியவருக்கோ நினைவில் இல்லை.) கிரேக்கக் கதையில் மனைவியைச் சிறைவைத்திருக்கும் பாதாள வேந்தன் இங்கே நாயகனின் முன்னோனாகிவிட்டான். அச்சமில்லை, ஒளிவில்லை. தம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றிப் பேசும் உரிமையோடு பேசுகிறார். கிரேக்கக் கதையில் ஓர்ஃபியஸின் நாடான திரேஸ் என்பது இங்கிலாந்தின் வின்செஸ்டர்தான் என்றும் அடித்துச் சொல்கிறார்.

ஓர்ஃபியஸ் கதைக்கான கிறித்தவ விளக்கங்கள் அவருடைய காலத்தில் ஆயத்தமாக இருந்தன. இதை நீங்கள் அழுத்தமாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ரோம அறிஞர் போயித்தியஸ் ஆறாம் நூற்றாண்டில் சிறையிலிருந்து எழுதிய ‘தத்துவத்தின் ஆறுதல்’ நூலில் இக்கதை நீதியாக வருகிறது: ஒளியை நோக்கி ஏறுகிறவன் திரும்பிப் பார்த்தால் பெற்றதை இழப்பான். ஆல்ஃப்ரட் அரசரின் பெயரால் வழங்கும் பழைய ஆங்கில மொழியாக்கம் அதை மேலும் விரித்து, விட்டுவந்த தீமைகளை ஏறிட்டுப் பார்க்காதே என்று எச்சரிக்கிறது. (அதே மொழியாக்கத்தில் பாதாள வாயிலின் மூன்று தலை நாய் யாழிசை கேட்டு வாலாட்டுகிறது, லத்தீன் மூலத்தில் அது வியந்து நிற்பதோடு சரி. நீதி சொல்ல வந்தவருக்கும் கதை இனித்திருக்கிறது.) பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரான்ஸில் ரோமக் கவிஞர் ஓவிட்டின் கதைகளை விரித்தெழுதிய பெருஞ்செய்யுள் நூல் ஓர்ஃபியஸைக் கிறிஸ்துவாகவே பொருள்கொண்டது. இத்தனை இருந்தும் நம் கவிஞர் இவற்றில் ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய கதையில் திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையே இல்லை. எந்த நீதிக்காகத் துறவிகள் அந்தக் கதையைத் தாங்கிப் பிடித்தார்களோ அந்த நீதியின் ஆணிவேரையே அவர் பிடுங்கி எறிந்துவிட்டார். சாயம் பூசியவர் இப்படிச் செய்வாரா? பழைய மதத்தைக் காப்பாற்ற வந்தவரும் இதைச் செய்ய மாட்டார். அவர் வர்ஜிலும் ஓவிட்டும் சொன்ன முடிவையல்லவா காப்பாற்றியிருக்க வேண்டும்?

அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். மே மாதத் தொடக்கத்தில் ஒரு நண்பகலில் அரசி ஹியூரோடிஸ் தோட்டத்தில் ஓர் ஒட்டுமரத்தடியில் உறங்குகிறாள். அலறிக்கொண்டு எழுந்து முகத்தைக் கீறிக்கொள்கிறாள். மாய உலகத்தின் அரசன் கனவில் வந்து, நாளை உன்னை அழைத்துச் செல்வேன் என்று சொல்லியிருக்கிறான். மறுநாள் ஓர்ஃபியோ ஆயுதம் தரித்த ஆயிரம் வீரர்களை மரத்தைச் சுற்றி நிறுத்துகிறான். அவர்கள் நடுவிலிருந்தே அவள் காணாமல் போகிறாள். அரசன் நாட்டை அமைச்சனிடம் ஒப்படைத்துவிட்டு, யாழை மட்டும் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு காட்டுக்குப் போய்ப் பத்தாண்டுகளுக்கு மேல் கிழங்கும் பட்டையும் தின்று திரிகிறான். மாய அரசனின் வேட்டைக்கூட்டம் சில நாள் அவன் கண்ணில் படுகிறது; கொம்பு ஊதுகிறார்கள், நாய்கள் குரைக்கின்றன, ஒரு விலங்கும் அவர்கள் கையில் சிக்குவதில்லை. ஒருநாள் அறுபது பெண்கள் வல்லூறுகளோடு ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். அந்தப் பறவைகள் மட்டும் இரையைப் பிடிக்கின்றன. அதைப் பார்த்ததும் ஓர்ஃபியோ சிரிக்கிறான். அரசனாக இருந்தபோது தான் விரும்பிய விளையாட்டு அவனுக்கு நினைவு வருகிறது, அருகில் போகிறான், அங்கே அவன் மனைவி இருக்கிறாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், பேசவில்லை. அவன் கோலத்தைக் கண்டு அவள் கண்ணீர் விடுகிறாள். மற்றப் பெண்கள் உடனே அவளை அழைத்துப் போய்விடுகிறார்கள். கிரேக்கக் கதையில் பார்வை மனைவியைப் பறிக்கிறது. இங்கே ஒரு பார்வைதான் அவளை மீட்கும் வழியைத் திறக்கிறது. ஏனெனில் ஓர்ஃபியோ உடனே அவர்கள் பின்னாலேயே ஒரு பாறைக்குள் நுழைந்துவிடுகிறான்.

பாறைக்குள் மூன்று மைல் நடந்தால் ஒரு பசும்வெளி, அதன் நடுவே பளிங்குக் கோட்டை. கோட்டைச் சுவருக்குள் அவன் காண்பது ஒரு கொடிய காட்சி. இறந்தவர்கள் என்று எண்ணப்பட்டு உண்மையில் இறக்காதவர்கள் அங்கே கிடக்கிறார்கள். தலையற்றவர்கள், கையற்றவர்கள், உண்ணும்போதே மூச்சடைத்தவர்கள், நீரில் மூழ்கியவர்கள், நெருப்பில் கருகியவர்கள், பித்துப்பிடித்துக் கட்டப்பட்டவர்கள், பிள்ளைப்பேற்றுப் படுக்கையில் கிடக்கும் மனைவியர். ஒவ்வொருவரும் எந்தக் கணத்தில் எடுத்துச் செல்லப்பட்டார்களோ அந்தக் கோலத்திலேயே இருக்கிறார்கள். தலையில்லாதவன் எப்படி உயிரோடிருப்பான் என்று கேட்டு இவ்வரிகளை இடைச்செருகல் என்று தள்ளியவர்கள் உண்டு.

என் அக்கா இரண்டாவது பிரசவத்தில் போய்விட்டபோது நான் கல்லூரியில் இருந்தேன். அம்மா அதன் பிறகு ஒருபோதும் அக்கா இறந்துவிட்டாள் என்று சொன்னதில்லை. கொண்டுபோய்விட்டார்கள் என்றுதான் சொல்வாள். யார் என்று யாரும் கேட்டதில்லை. அடுத்த ஆண்டு பாடத்துக்காக இக்கவிதையைப் படித்தபோது, அந்த மனைவியர் வரும் வரியில் புத்தகத்தை மூடிவிட்டு நூலகத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன். அந்தப் பட்டியல் எந்த மதத்தின் நரகமும் இல்லை. அங்கே தண்டனை இல்லை, தீர்ப்பு இல்லை, பாவமும் இல்லை. அகால மரணத்தின் முன் வீட்டார் மனத்தில் எழும் எண்ணம், அவள் எங்கோ அப்படியே இருக்கிறாள் என்ற எண்ணம், அதை ஒரு கவிஞர் இடமாக்கிக் காட்டியிருக்கிறார். ஓவிட்டின் பாதாளமும் கெல்டிய மாய உலகமும் தனித்தனியே இருந்தவரை இந்த முற்றம் எங்கும் இல்லை. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த கையிலிருந்துதான் இது பிறந்தது. நீங்கள் நீக்க நினைப்பது அந்தக் கையை.

கெல்டிய மூலம் பற்றி உங்கள் வகுப்பில் சொன்னது பொய் இல்லை. ஆயுதம் ஏந்திய காவலர் நடுவிலிருந்து அரசி எடுத்துச் செல்லப்படுவது அயர்லாந்தின் ஏடெய்ன் கதையில் இருக்கிறது. இறந்த மனைவியை மாயப் பெண்களின் நடனத்திலிருந்து மீட்டுவந்த, ஃபிரான்ஸின் பிரிட்டனிப் பகுதியைச் சேர்ந்த வீரன் ஒருவனைப் பற்றிப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வால்டர் மேப் எழுதியிருக்கிறார். இவை தெரிந்திருக்க வேண்டியவைதாம். ஆனால் ஊற்று எங்கே என்று காட்டியதோடு வேலை முடிந்துவிட்டதாக எண்ணுகிற ஆய்வுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன், நவீன். எனக்கு அவற்றின் மேல் பொறுமை இல்லை. ஏடெய்ன் கதையில் அமைச்சன் உண்டா? ஓவிட்டில் உண்டா? ஓர்ஃபியோ மனைவியோடு வின்செஸ்டர் திரும்பியதும் பிச்சைக்காரன் கோலத்தில் தன் அரண்மனைக்கே போய், இந்த யாழைச் சிங்கங்கள் கிழித்துப்போட்ட ஒருவன் அருகில் கண்டெடுத்தேன் என்று பொய் சொல்கிறான். அமைச்சன் மயங்கி விழுகிறான். மாய அரசனிடம் மனைவியை மீட்டது இசை. நாட்டை மீட்டுத் தருவது ஒரு வேலையாளின் உண்மையான துக்கம். கவிதையின் பிற்பகுதியில் கணிசமான இடத்தை இந்தக் காட்சி எடுத்துக்கொள்கிறது. இதற்கு எந்தத் தொன்மத்திலும் மூலம் தேட வேண்டியதில்லை.

நூல் வரிசை கேட்டிருந்தீர்கள். முதலில் இந்தக் கவிதை. ஆக்கின்லெக் சுவடி முழுவதையும் ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. வாய்விட்டுப் படியுங்கள், நவீன ஆங்கிலப் பெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாலும் சரி. அடுத்து சாசரின் ‘கேன்டர்பரி கதைகளில்’ வணிகன் சொல்லும் கதை; அதில் புளூட்டோவும் பிராசர்பினாவும் மாய உலகின் அரசனும் அரசியுமாக ஒரு தோட்டத்தில் நின்று கணவன் மனைவி சண்டை போடுகிறார்கள். அதன் பிறகு ‘சர் கவேயினும் பச்சை வீரனும்’. வேல்ஸின் மபினோகி கதைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் எந்தப் பாத்திரம் எந்தக் கெல்டியத் தெய்வம் என்று அடையாளம் காட்டும் அட்டவணைகள் உங்களுக்கு நிறையக் கிடைக்கும், உங்கள் இப்போதைய மனநிலையில் அவற்றில் மூழ்கிவிடுவீர்கள் என்று அஞ்சுகிறேன். ஆய்வேட்டின் தலைப்பை மாற்ற வேண்டியதில்லை. ஓர்ஃபியோவைப் படித்து முடித்ததும், அந்த மாய அரசன் ஏன் அவளைத் திருப்பிக் கொடுத்தான் என்று நீங்கள் நினைப்பதை எனக்கு எழுதுங்கள். யாழிசைக்குப் பரிசாகக் கேட்டதைத் தருவேன் என்றவன், ஓர்ஃபியோ மனைவியைக் கேட்டதும், அழுக்கான நீயும் அழகான அவளும் பொருந்தாத ஜோடி என்று முதலில் மறுக்கிறான். கேட்டதைத் தருவேன் என்ற உன் வாயிலிருந்து பொய் வருவது அதைவிட அழுக்கல்லவா என்று ஓர்ஃபியோ கேட்கிறான். மாய அரசன் உடனே இணங்கிவிடுகிறான். ஏன் இணங்கினான் என்பது குறித்து எனக்கு ஒரு கருத்து உண்டு. உங்களுடையதைப் படித்த பிறகு சொல்கிறேன்.