பூனைக்காலிப் பொடியும் இடுப்புவலி மாத்திரையும்

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்கு 52 வயது, நான்கு வருடமாகப் பிரஷர். டெல்மிசார்டான் 40, ஹைட்ரோகுளோரோதையசைடு 12.5 சேர்ந்த மாத்திரை தினம் காலையில் ஒன்று. குறுவை நடவு முடிந்து எடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் சோர்ந்தால் கூடும் கிரியாட்டினின் 1.7. போன வருடம் 0.8. டோபமின் சிறுநீரகத்துக்கு ரத்தத்தைக் கூட்டி உப்பை வெளியேற்றும் என்று படித்தேன். பூனைக்காலி விதை உடம்பில் டோபமினாக மாறுமாம். பொடி வாங்கி வைத்திருக்கிறேன். எவ்வளவு கொடுக்கலாம்? அம்மா வேறு மருந்து சாப்பிடுவதில்லை. இடுப்புவலிக்கு மட்டும் கடையில் டைக்ளோபினாக் வாங்கிப் போடுவார்.

க.

அன்புள்ள தம்பி,

கடைசி வரியில் ‘மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தின் முக்கியமான விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பூனைக்காலியை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்கள் படித்தது பொய்யில்லை. அந்த விதையில் லெவோடோபா உண்டு. சிறுநீரகக் குழாய்ச் செல்கள் அதை டோபமினாக மாற்றும், டோபமின் சோடியத்தைத் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுக்கும். இதை நம்பித்தான் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பல வருடம் குறைந்த அளவில் டோபமின் ஏற்றினார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 328 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்து 2000இல் முடிவை வெளியிட்டார்கள். சிறுநீரகத்துக்கு ஒரு பலனும் இல்லை. நிமிடக் கணக்கில் அளந்து ரத்தத்தில் ஏற்றியே பலிக்காததைக் கரண்டியால் அள்ளிக் கொடுக்கப் பார்க்கிறீர்கள். வாந்தி வரும், பிரஷர் சட்டென்று இறங்கும். தூக்கிப் போடுங்கள்.

இப்போது நடவு வயலுக்கு வருவோம். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து கால் கிலோவுக்குச் சற்று அதிகம். ஆனால் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர், அவற்றுக்குப் போகிறது. அந்த ஓட்டத்தை அடக்க வரும் நரம்பு முனைகள் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும். நரம்பு மெல்லத் துடித்தால், பிரஷரை ஏற்ற உதவும் ரெனின் மட்டும் சுரக்கும். சற்று வேகம் கூடினால் குழாய்கள் சோடியத்தை இழுத்துப் பிடிக்கும். இன்னும் கூடினால் ரத்தக் குழாயே சுருங்கும். காலை ஆறு மணிக்குச் சேற்றில் இறங்கியவர் பதினோரு மணிக்குள் எவ்வளவு வியர்த்திருப்பார்! அந்த நேரத்தில் உப்பையும் நீரையும் விடாமல் பிடித்து அவரை நிற்க வைப்பதே இந்த நரம்புதான்.

அது இறுக்கும்போது சிறுநீரகம் சும்மா இருப்பதில்லை. புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, தன் வடிகட்டிக்கு ரத்தம் உள்ளே வரும் குழாயைத் திறந்து வைத்துக்கொள்ளும். டைக்ளோபினாக் தடுப்பது அந்தச் சுரப்பைத்தான். வலியை உண்டாக்குவதும் புரோஸ்டாகிளாண்டின், வடிகட்டியைக் காப்பதும் அதுதான். மாத்திரைக்கு இரண்டும் ஒன்றே.

உங்களுக்கு மடை தெரியும். வடிகட்டியை ஒரு வயலாக நினைத்துக்கொள்ளுங்கள், அதில் தண்ணீர் ஒரு மட்டத்துக்கு நிற்க வேண்டும். டைக்ளோபினாக் வாய்மடையைக் குறுக்குகிறது. டெல்மிசார்டான் வடிமடையை அகலத் திறக்கிறது. ஹைட்ரோகுளோரோதையசைடு சிறுநீரைக் கூட்டி, வாய்க்காலிலேயே தண்ணீரைக் குறைக்கிறது. இதன் மேல் வெயில். மட்டம் எப்படி நிற்கும்? உடனே டெல்மிசார்டான்தான் குற்றவாளி என்று முடிவுகட்டி அதை நிறுத்திவிடாதீர்கள். மற்ற நாட்களில் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்து அது. டாக்டரிடம் பிரஷர் மாத்திரையை மட்டும் சொல்லி, டைக்ளோபினாக்கை மறைத்திருப்பீர்கள். மறைக்கவில்லை, மருந்தாக எண்ணவில்லை என்பீர்கள். அதைத்தான் திட்டுகிறேன்.

குனிந்து குனிந்து நடுபவரின் இடுப்புவலி நிஜமான வலி. தாங்கிக்கொள்ளச் சொல்ல மாட்டேன். பாராசிட்டமால் 500, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். அட்டையின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். ‘பாராசிட்டமால் கலந்தது’ என்று கடையில் தருவதில் பல சமயம் அசெக்ளோபினாக்கும் சேர்ந்திருக்கும். இபுபுரோபன், நாப்ராக்சன் எல்லாம் அதே கூட்டம். ஊசியாகப் போட்டாலும் அதே மருந்துதான்.

இந்த வாரமே கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் பார்த்து, மாத்திரைப் பட்டியலோடு டாக்டரிடம் போங்கள். பொட்டாசியம் அளவு தெரியும்வரை, அது நிறைந்த இளநீர் வேண்டாம், ‘லோ சோடியம்’ உப்பும் வேண்டாம். டெல்மிசார்டான் பொட்டாசியத்தை உடம்பில் தங்க வைக்கும், அசந்த சிறுநீரகமும் அப்படியே. இரண்டும் சேர்ந்து பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறலாம். வயலில் இருக்கும்போது இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், நடுவே ஒரு சொம்பு நீர்மோர். ஊறுகாய், கருவாடு உட்பட ஒரு நாள் உப்பு ஒரு தேக்கரண்டிக்குள் நிற்கட்டும். வாந்தி, பேதி வரும் நாளில் காலை மாத்திரையைத் தள்ளிவைக்கலாமா என்று இப்போதே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

சிறுநீர் சட்டென்று குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.