மரத்துப்போகும் முன்னே குறடு வைத்துவிட்டால்?

கேள்வி: எனக்கு 42 வயது. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் வேலை. இடது கீழ்க் கடைவாய்ப் பல் ஒரு வருடமாகச் சொத்தை. பத்து வயதில் பல் பிடுங்கியபோது ஊசி போட்ட உடனேயே இழுத்துவிட்டார்கள். கத்தினேன், கையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து பல் டாக்டர் வாசல் வரை போய்த் திரும்பிவிடுகிறேன். மறுபடியும் மரத்துப்போகும் முன்னே குறடு வைத்துவிட்டால்? இந்த வருடம் இரண்டு முறை தாடைக்குக் கீழே வீங்கியது. மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போட்டதும் வற்றிவிட்டது. பிபி மாத்திரை சாப்பிடுகிறேன். பல் எடுத்தால் கண் பார்வை போகுமா? வேர் சிகிச்சை (ரூட் கேனல்) செய்தால் புற்றுநோய் வரும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்களே, உண்மையா? பல்லில் காவிக்கறை வேறு, வாயைத் திறக்கவே வெட்கமாக இருக்கிறது. முழு மயக்கம் கொடுத்து எடுத்துவிட முடியாதா? சீசன் முடிந்து போனால் போதுமா?

பதில்: அன்று உங்களுக்கு நடந்தது தவறு. மருந்து வேலை செய்யக் காத்திருக்காமல் குறடு வைத்தது ஒரு தவறு. வலிக்கிறது என்று கத்திய பிள்ளையின் கையைப் பிடித்து அமுக்கியது அதைவிடப் பெரிய தவறு. அப்படி ஒன்று பத்து வயதில் நடந்திருந்தால் யாருக்கும் அந்த நாற்காலியைப் பார்த்ததும் கை நடுங்கத்தான் செய்யும். இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் ஏன் வலித்தது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மரத்துப்போகும் ஊசியைப் பல்லை ஒட்டிப் போடுவதில்லை. தாடை எலும்புக்குள் நரம்பு நுழையும் இடம் வாயின் பின்பக்கம், உட்புறம் இருக்கிறது. அங்கே போடுகிறோம். மருந்து நரம்பில் ஊறுவதற்கு ஐந்து நிமிடமாவது வேண்டும், சிலருக்குப் பத்து நிமிடமும் ஆகும். ஊறிவிட்டால் அந்தப் பக்கத்துக் கீழுதட்டில் பாதி தடித்துப்போன மாதிரி இருக்கும், நாக்கின் ஓரமும் மரத்துப்போகும். அதுவரை பல்லை யாரும் தொடக் கூடாது. உதடு தடித்துவிட்டதா என்று கேட்பதும் போதாது. கூரான கருவியால் இடதுபக்க ஈறில் லேசாகக் குத்தி, அப்புறம் வலதுபக்கமும் குத்தி, வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். டாக்டர் பார்க்கவில்லை என்றால், "குத்திப் பாத்துட்டு ஆரம்பிங்க டாக்டர்" என்று நீங்களே சொல்லுங்கள். நல்ல டாக்டர் யாரும் அதற்குக் கோபப்பட மாட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு. சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடிவிடும். அங்கே மரப்பு மருந்து நரம்புக்குள் சரியாகப் போகாது. பயந்தவர்கள் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, வலி உச்சிக்கு ஏறி, முகம் வீங்கி, ராத்திரியெல்லாம் தூங்காமல் மறுநாள் காலையில் ஓடி வருகிறார்கள். மரத்துப்போவது கடினமாக இருக்கும் நாளாகப் பார்த்து வருகிறார்கள். கொஞ்சம் வலிக்கிறது. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று பயம் இன்னும் ஒரு சுற்றுப் பெருக்கிறது. உங்கள் வீக்கம் இப்போது வற்றியிருக்கிறது. வலியில்லாமல் சிகிச்சை செய்துகொள்ள இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

சரி, அந்த வீக்கத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் இரண்டாம் முறை படித்த வரி அதுதான்.

மாத்திரையில் வீக்கம் வற்றியதால் குணமாகிவிட்டது என்று நினைக்கிறீர்கள். இல்லை. செத்துப்போன பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. ரத்தம் போகாத இடத்துக்கு நீங்கள் விழுங்கிய ஆன்டிபயாடிக்கும் போகாது. சுற்றியுள்ள சதையில் பரவிய கிருமி குறைந்தது, ஊற்று பல்லுக்குள் அப்படியே இருக்கிறது. இரண்டு முறை வந்தது மூன்றாவது முறையும் வரும். கீழ்க் கடைவாய்ப் பற்களில், குறிப்பாகக் கடைசி இரண்டில், வேர்முனை ரொம்பக் கீழே இறங்கியிருக்கும். அங்கிருந்து கிளம்பும் சீழ் நாக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் பரவிக் கழுத்துக்கு இறங்க வழி இருக்கிறது. இரண்டு பக்கமும் பரவிவிட்டால் நாக்கை மேலே தூக்கி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். 1836இல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விவரித்து எழுதினார், இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறோம். ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் இது வந்தவர்களில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. இன்று காப்பாற்ற முடிகிறது, நேரத்தோடு வந்தால்.

இன்று ராத்திரி சாப்பிடும் முன் ஒன்று செய்யுங்கள். வாயை முழுதாகத் திறந்து, உங்கள் கையின் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு மூன்று விரல் நுழையும். உங்களுக்கு எத்தனை நுழைகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வீக்கம் வந்து, இரண்டு விரல்கூட நுழையாதபடி தாடை பிடித்துக்கொண்டாலோ, எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, குரல் அடைத்துப்போனாலோ, தாடைக்கு அடியில் பலகை மாதிரி கெட்டியாக இருந்தாலோ, வீக்கத்தோடு காய்ச்சல் அடித்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். பக்கத்துக் கிளினிக் திறந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நேராகக் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் படுக்க வேண்டாம், உட்கார்ந்தே இருங்கள்.

செட் மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நோயாளிகள் கொண்டுவரும் அந்தப் பொட்டலங்களை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். வலிக்கு டைக்ளோபினாக், அதற்கு ஓர் அல்சர் மாத்திரை, அளவும் நாளும் இல்லாமல் ஏதோ ஓர் ஆன்டிபயாடிக், சில சமயம் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு வீக்கத்தை வற்ற வைத்து எல்லாம் சரியான மாதிரி காட்டும், கிருமி உள்ளே பெருகிக்கொண்டிருக்கும். டைக்ளோபினாக் உங்கள் பிபியை ஏற்றும், சிறுநீரகத்தையும் தொந்தரவு செய்யும். பல் டாக்டரைப் பார்க்கும்வரை வலி தாங்க முடியாவிட்டால், கல்லீரல் கோளாறு எதுவும் இல்லாத பட்சத்தில், பாராசிட்டமால் 650 போட்டுக்கொள்ளலாம். ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். கிராம்பு எண்ணெயை ஈறில் ஊற்றாதீர்கள், வெந்துவிடும். வீங்கிய தாடைக்குச் சூடான ஒத்தடம், பற்று எதுவும் வேண்டாம். கண்டங்கத்திரி விதையைப் புகைத்துப் பல்லில் இருந்து புழு எடுப்பதாக யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். சொத்தைப் பல்லில் புழு கிடையாது.

இனி அந்த நாற்காலியில் உட்காருவது எப்படி என்று சொல்கிறேன்.

முதல் தடவை சிகிச்சைக்கென்று போகாதீர்கள். பார்த்துவிட்டு வருவதற்கு மட்டும் போங்கள். வாசலில் பெயர் எழுதும்போதே, "எனக்குப் பயம் ஜாஸ்தி, சின்ன வயசுல மரக்காம பல்லைப் புடுங்கிட்டாங்க, இன்னிக்குப் பாக்க மட்டும்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிடுங்கள். அன்று ஓர் எக்ஸ்ரே எடுப்பார்கள். வாயைத் திறந்து காட்டுவீர்கள். அவ்வளவுதான், எழுந்து வந்துவிடலாம். பல்லை எடுக்க வேண்டுமா, வேர் சிகிச்சையில் காப்பாற்றலாமா என்பதை அந்த எக்ஸ்ரே சொல்லும். அதற்கு முன் எடுத்துவிடத்தான் வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

அதே நாளில் டாக்டரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும். ஏன் என்று கேட்காமல், "இன்னும் ரெண்டே நிமிஷம்மா" என்று சொல்லாமல் நிறுத்த வேண்டும். அன்று உங்களிடமிருந்து பறித்தது இதைத்தானே? உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள், நிறுத்தச் சொல்லும் வழி உங்களுக்கு இல்லாமல் போயிற்று. ஒரு லாரி டிரைவர் என்னிடம் வந்தார். தொப்பூர் கணவாயில் ராத்திரியில் லோடு வண்டி இறக்குகிறவர், ஊசியைப் பார்த்ததும் சட்டை நனைய வியர்த்துவிட்டது. முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போனார். அடுத்த முறை கறை சுத்தம் செய்தோம், எட்டு தடவை கையைத் தூக்கினார், எட்டு தடவையும் நிறுத்தினேன். மூன்றாவது முறை வேர் சிகிச்சை தொடங்கியபோது ஒரே ஒரு தடவைதான் தூக்கினார், அதுவும் துப்புவதற்கு. நிறுத்துவார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகு அவருக்கு நிறுத்த வேண்டிய அவசியமே வரவில்லை.

ஊசி போடும் முன் அந்த இடத்தில் மரப்பு ஜெல்லோ ஸ்ப்ரேயோ வைக்கச் சொல்லுங்கள், ஓரிரு நிமிடத்தில் மேல்தோல் மரத்துவிடும். ஊசியை மெதுவாகப் போடச் சொல்லுங்கள். வேகமாக ஏற்றினால்தான் அழுத்தத்தில் வலிக்கும். போட்டதும் நெஞ்சு படபடவென்று அடிக்கலாம். மருந்தோடு சிறிதளவு அட்ரினலின் கலந்திருப்பதால் வருவது அது, சில நிமிடங்களில் அடங்கிவிடும். அலர்ஜி என்று எண்ணிப் பதறாதீர்கள். ஆனால் உங்களுக்கு பிபி இருப்பதையும், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அதற்கேற்ப அளவைப் பார்த்துப் போடுவார்கள்.

பல்லை எடுக்கும்போது அழுத்தம் தெரியும், அசைப்பது தெரியும், சத்தம்கூடக் கேட்கும். மரப்பு மருந்து வலியை நிறுத்தும், அழுத்தத்தை முழுதாக நிறுத்தாது. இதை முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலர் அழுத்தம் வந்ததுமே வலி வரப்போகிறது என்று உடம்பை இறுக்கிக்கொள்கிறார்கள். அழுத்தம் என்றால் சும்மா இருங்கள், சுரீர் என்றால் கையைத் தூக்குங்கள்.

காலை முதல் ஆளாக நேரம் வாங்குங்கள், காத்திருக்கக் காத்திருக்கப் பயம் ஏறும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். பயத்தில் மயங்கி விழுபவர்களில் பலர் சாப்பிடாமல் வந்தவர்கள். காலை பிபி மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். அளவு 180க்கு 110ஐத் தாண்டியிருந்தால் அன்றைக்குத் தள்ளிவைப்பார்கள், அது உங்கள் நல்லதுக்குத்தான். துணைக்கு அக்காவையோ தோழியையோ கூட்டிப் போங்கள். தான் பட்ட பாட்டைக் கதை கதையாகச் சொல்பவர் மட்டும் வேண்டாம். படுக்க வைத்தால் மூச்சு முட்டுகிற மாதிரி இருந்தால் நாற்காலியைப் பாதி நிமிர்த்தச் சொல்லுங்கள். மூக்கால் இழுத்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து மெதுவாக விடுங்கள்.

முழு மயக்கம் ஒரு பல்லுக்கு வேண்டாம். அதற்கென்று தனி ஆபத்துகள் உண்டு, பிபி உள்ளவருக்கு இன்னும் யோசிக்க வேண்டும். இவ்வளவும் செய்து பார்த்தும் உட்கார முடியவில்லை என்றால், பயத்தைத் தணிக்கும் லேசான மாத்திரையை டாக்டர் எழுதித் தருவார். அன்று துணை இல்லாமல் போகக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. வீட்டில் மாமியாருக்கு வாங்கிவைத்த தூக்க மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

கண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். பார்வை நரம்பு வேறு, பல் நரம்பு வேறு. வேர் சிகிச்சைக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தமில்லை. நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் வெஸ்டன் பிரைஸ் என்ற பல் மருத்துவர், வேர் சிகிச்சை செய்த பல்லால் உடம்பில் வேறு நோய்கள் வரும் என்று சொன்னார். அவருடைய சோதனைகள் சரியில்லை என்று பின்னால் வந்தவர்கள் காட்டிவிட்டார்கள். அந்தப் பழைய கதையைத்தான் இன்னும் வீடியோவாகச் சுற்றவிடுகிறார்கள், அதை நம்பி வேர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு வீங்கிய முகத்தோடு வருகிறவர்களை நான் பார்க்கிறேன்.

காவிக்கறை நீங்கள் பல் துலக்காததால் வந்ததில்லை. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் தண்ணீரைக் குழந்தைப் பருவத்தில், பல் உருவாகும் வயதில் குடித்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கறை வரும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே இதற்காகத்தான். இங்கே பல் டாக்டராக இருக்கும் எவரும் தினமும் பார்க்கும் பல் இது, உங்களைப் பற்றித் தவறாக நினைக்க மாட்டார். செங்கல் தூள், கரி, உப்பு எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். கறை போகாது, எனாமல்தான் தேயும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே கொடுங்கள்.

சீசன் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். பெங்களூரா மாம்பழ வரத்து இருக்கும்போது ஆலையில் ஓர் ஆள் குறைந்தாலும் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பார்க்கப் போவதற்கு அரை நாள் போதும், இந்த வாரமே போங்கள். பல்லை எடுப்பதாக முடிவானால் அந்த நாளும் மறுநாளும் விடுப்புச் சொல்லுங்கள், பழக்கூடை தூக்க வேண்டாம். பஞ்சை அரை மணி நேரம் கடித்திருங்கள், துப்பிக்கொண்டே இருக்காதீர்கள். உதடு மரத்திருக்கும் இரண்டு மூன்று மணி நேரம் எதுவும் மெல்லாதீர்கள், உதட்டைக் கடித்துக்கொள்வீர்கள். மரப்பு விட்ட பிறகு, ஆறிய கேழ்வரகுக் கூழ் குடிக்கலாம்.