புதுப் பவர் வீடர் பாதிச் சாலில் நிற்கிறது: வாரண்டி இல்லை என்று கடைக்காரர் சொல்லலாமா?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கமுங்க. கோபி பக்கம் மஞ்சள் வெள்ளாமை. மூணு மாசத்துக்கு முன்னாடி கோவையில ஒரு கடையில 7 ஹெச்.பி. பெட்ரோல் பவர் வீடர் 72,000 ரூபாய்க்கு வாங்கினேனுங்க. களை ஓட்ட ஆரம்பிச்சா இருபது நிமிசத்துல நின்னு போகுது. அரை மணி நேரம் ஆறப் போட்டா மறுபடி ஓடுது. சர்வீஸ்காரர் மூணு தடவை வந்து கார்புரேட்டரைக் கழுவிட்டுப் போனாரு. இப்ப "நீங்க சரியா ஆயில் ஊத்தலை, வாரண்டி செல்லாது"ங்கறாங்க. பில்லுல "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது, வழக்குகள் கோவைக்கு உட்பட்டவை"ன்னு அச்சடிச்சிருக்கு. என்ன பண்றதுங்க?

பதில்: வழக்குப் போடலாம். ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். அதுவரைக்கும் உள்ளூர்ப் பட்டறையில் இன்ஜினைப் பிரிக்க மட்டும் விடாதீர்கள். ஒரு போல்ட்டைக் கழற்றினாலும் "வெளியாள் கை வைத்துவிட்டார்" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். பொருளைத் தவறாகப் பயன்படுத்தினாலோ மாற்றியமைத்தாலோ விற்றவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு இடம் தருகிறது.

பிரிக்காமல் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஆயில் மட்டத்தைப் பாருங்கள். இந்த அளவு இன்ஜினுக்குப் பொதுவாக 10டபிள்யூ-30 ரகம், சுமார் 600 மில்லி. ஆயில் சென்சார் உள்ள மாடலில் மட்டம் குறைந்தாலும், வரப்பு ஓரம் வண்டி சாய்ந்தாலும் இன்ஜின் தானே அணைந்துவிடும். அது பழுதல்ல.

அடுத்து, இன்ஜின் நின்ற உடனே பெட்ரோல் டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். "உஸ்" என்று காற்று இழுத்து, பிறகு உடனே ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மூடியை மாற்றினால் தீர்ந்தது. அப்படியும் ஓடாவிட்டால் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். மூடியை இறுக்கி, பெட்ரோல் குழாயை அடைத்து, சிந்தியதைத் துடைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். அதைப் பிளக் கேப்பில் மாட்டி, ரப்பர் பிடி போட்ட குறடால் பிடித்து, பிளக் இருந்த துளையிலிருந்து விலக்கி இன்ஜின் உலோகத்தில் தொட வைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். சூட்டில் பொறி வராமல், ஆறியதும் நீலப் பொறி பளிச்சென்று வந்தால் பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் இக்னிஷன் காயில் மேல்தான் சந்தேகம் போகும். சூடானால் நின்று ஆறினால் ஓடுவது காயில் பழுதின் வழக்கமான அடையாளம். ஆயில் மட்டம் சரியாக இருந்து காயில்தான் காரணம் என்றால் அதை உங்கள் தவறென்று சொல்ல முடியாது. நிற்பதிலிருந்து பொறி பார்ப்பது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக, இன்ஜின் நம்பரும் தெரியும்படி எடுத்து வையுங்கள்.

கார்புரேட்டரை மூன்று முறை கழுவியதும் உங்களுக்குச் சாதகம்தான். அழுக்குப் பெட்ரோல்தான் காரணம் என்றால், ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் அதே இருபது நிமிடத்தில் ஏன் நிற்கிறது? மூன்று வருகைக்கும் ஜாப் கார்டு, அதாவது என்ன வேலை பார்த்தார்கள் என்று எழுதிய சீட்டு, கேளுங்கள். தரவில்லையென்றால், வந்த தேதிகளைக் குறித்து வாட்ஸப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பி, "ஆயில் காரணம் என்பதை எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். புது இன்ஜின் பெரும்பாலும் ஆயில் இல்லாமல்தான் பெட்டியில் வரும். முதல் ஆயிலை ஊற்றியது யார், கையேட்டைக் கொடுத்தார்களா என்பது கடைக்காரர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. முதல் ஆயில் மாற்றம் வழக்கமாக 20 மணி நேரத்திலோ ஒரு மாதத்திலோ வரும். உங்கள் கையேட்டில் உள்ளபடி அதைச் செய்தீர்களா என்பதற்கு நீங்களும் தயாராக இருங்கள். ஆயில் வாங்கிய பில் இருந்தால் பத்திரம்.

பில்லில் உள்ள இரண்டு வரிகளுக்கும் பயப்பட வேண்டாம். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதைச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் கெடு இல்லையென்றால் அதற்கு 30 நாள் கணக்கு. உங்களுக்கு 30 நாள் தாண்டிவிட்டதால், உற்பத்திக் குறைபாடு, சேவைக் குறைபாடு என்ற அடிப்படையில் கேட்பதே வலுவானது. புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போட 34ஆம் பிரிவு வழி செய்கிறது.

முதலில் கடைக்கும் உற்பத்தியாளருக்கும் 15 நாள் கெடு வைத்து விரைவு அஞ்சலில் நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டப்படி கட்டாயமில்லை, ஆனாலும் பாதி வழக்குகள் இந்தக் கட்டத்திலேயே படிந்துவிடும் என்பது என் கணிப்பு. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இலும் புகார் பதியலாம். மனுவில் கடைக்காரர், உற்பத்தியாளர் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். பழுது தோன்றியதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

இயந்திரத்தை நிபுணர் சோதனைக்கு அனுப்பும்படி 38ஆம் பிரிவின் கீழ் தனி மனுப் போடுங்கள். கோவை வேளாண் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஒருவரை நியமிக்கக் கேட்கலாம். கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்லக்கூடும். இந்த அறிக்கை இல்லாமல் "உற்பத்திக் குறைபாடு" என்று எழுதுவது வெறும் வார்த்தையாகிவிடும்.

மாற்று இயந்திரம் அல்லது பணம், அதோடு கைக்களை எடுத்த கூலியையும் கேளுங்கள். கூலி கொடுத்த தேதி, ஆள் கணக்கு, கையெழுத்துடன் சீட்டு வேண்டும். ஐந்து லட்சம் நஷ்டம் என்று ஏற்றி எழுதினால் மற்றதையும் நம்பமாட்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள்: இந்த வண்டியை அக்கம்பக்கத் தோட்டங்களுக்கு மணி வாடகைக்கு ஓட்டினீர்களா? பிழைப்புக்காக நீங்களே ஓட்டினால் நுகர்வோர்தான். ஆள் போட்டு வாடகைத் தொழிலாக நடத்தினால் "வணிகப் பயன்பாடு" என்ற ஆட்சேபணை வரும்.

மானியத்தில் வாங்கியிருந்தால் வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளரிடமும் எழுத்தில் புகார் கொடுங்கள். அந்த நிலையில் பணத்தைத் திரும்பக் கேட்பதைவிட மாற்று இயந்திரம் கேட்பதே சிக்கல் குறைந்தது; பணம் என்றால் மானியப் பங்கு யாருக்குப் போகும் என்ற கணக்கும் கூடவே கிளம்பும்.