அறுபது பேருக்கு வேண்டாம் ஆச்சி, ஆறு பேருக்கு எழுதட்டும்

ஆச்சி, நேற்று நீங்கள் கண் கலங்கிப் போனது மனதிலேயே நிற்கிறது. மகள் பிஎச்.டி. ஆய்வுக்கு இடம் கேட்டு வெளிநாட்டில் அறுபது பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி ஒருவரும் பதில் போடவில்லை, பிள்ளைக்குத் தகுதி இல்லையோ என்று கேட்டீர்கள். அவள் அனுப்பியதை வாங்கிப் படித்தேன். தகுதிக்குக் குறைவில்லை. ஆனால் அறுபது பேருக்கும் ஒரே கடிதம் போயிருக்கிறது. "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்குகிறது; அதில் எத்தனையோ பேர் பெண் பேராசிரியர்கள்.

பத்திரிகையைத் தபாலில் போடுவதும், தட்டில் வைத்து வீட்டுக்கே போய் அழைப்பதும் ஒன்றில்லை என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பேராசிரியரும் அப்படித்தான். தினமும் இப்படிப் பல கடிதங்கள் வருவதால், பெயர் மாற்றி அனுப்பியதை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அவளுடைய புராஜெக்ட் சோடியம் அயனி பேட்டரிக்கான கார்பன் மின்வாய். எவ்வளவு நல்ல விஷயம்! அது கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. "கடின உழைப்பாளி" என்று மட்டும் இருக்கிறது. சார்ஜ் ஏற்றி இறக்க இறக்க பேட்டரியின் கொள்திறன் குறைந்தது, ஏன் என்று அவள் என்ன யோசித்தாள், அந்தப் பேராசிரியரின் சமீபத்திய கட்டுரையில் அதற்கு என்ன வழி பார்த்தாள் என்று நாலு வரி எழுதட்டும். கட்டுரையை உண்மையிலேயே படித்திருக்க வேண்டும். ஒரு கட்டுரைக்கு இரண்டு நாள் ஆகும், ஆகட்டும். கடைசியில் ஒரே கேள்வி: வரும் ஆண்டில் புது மாணவர்களை எடுக்கிறீர்களா? மொத்தம் இருநூறு சொல்லுக்குள் முடித்து, தன்விவரக் குறிப்பைப் பிடிஎஃப் ஆக இணைத்தால் போதும். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

அப்புறம், எல்லா நாட்டுக்கும் ஒரே முறை கிடையாது. ஜெர்மனியில் பல இடங்களில் பேராசிரியர் ஏற்றுக்கொண்டால்தான் சேர்க்கையே. சம்பள வேலையாகவே விளம்பரம் வரும், அதில் கேட்டபடி விண்ணப்பிக்க வேண்டும். ஜப்பான் அரசு தரும் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குப் பல்கலைக்கழகம் வழியாகப் போனாலும் முதலில் பேராசிரியரின் சம்மதம் வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலும் துறைக் குழுதான் தேர்வு செய்கிறது. அங்கே கடிதம் சீட் வாங்கித் தராது, அந்த ஆய்வகத்தில் இடம் உண்டா என்று தெரிந்துகொள்ள மட்டும் உதவும். டிசம்பரில் பல இடங்களில் கடைசித் தேதி வந்துவிடும், ஆகவே செப்டம்பர், அக்டோபரிலேயே எழுதிவிட வேண்டும்.

இன்னொன்று, இதை எனக்காகவாவது கேளுங்கள். நம் காரைக்குடியிலேயே சிக்ரி இருக்கிறது. வள்ளல் அழகப்பர் நிலமும் பணமும் கொடுத்து, 1953-ல் திறந்த மின்வேதியியல் ஆய்வு நிலையம். பேட்டரி, உலோகம் துருப்பிடித்து அரிப்பது, முலாம் பூசுவது எல்லாம் அங்கே ஆய்வு நடக்கிறது. வெளிநாட்டுக்கு எழுதும் பிள்ளை, பக்கத்துத் தெரு மாதிரி இருக்கும் இடத்துக்கு ஒரு கடிதம் போடவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது. அங்கே ஒரு விஞ்ஞானிக்கு எழுதி, நேரம் கேட்டு, நேரில் போய்ப் பேசட்டும். அரசின் நெட் தேர்வில் தேறி ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் உதவித்தொகை. பேராசிரியர் தன் திட்டப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டியதில்லை என்பதால் இந்தியாவில் எழுதும்போது அதைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொல்ல வேண்டும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன் ஆச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள். பேராசிரியருக்கு அப்பா பேசட்டும், தெரிந்தவர் மூலம் சொல்லச் சொல்லலாம் என்றீர்கள். வேண்டாம். ஐந்து ஆண்டு அவரோடு ஆய்வகத்தில் நிற்கப்போவது அவள்தான், அவளே எழுதட்டும். பேராசிரியரைப் பிடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜெண்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

சனிக்கிழமை அவளை ஆறு பேராசிரியர்களின் பெயரோடும், ஆளுக்கு ஒரு கட்டுரையோடும் அனுப்பி வையுங்கள். முதல் கடிதத்தை நானும் அவளும் உட்கார்ந்து பார்க்கிறோம்.