பலத்தைக் கேட்பது துன்பத்தைத் தட்டிக்கழிப்பதா?

கேள்வி: கணவருக்கு வேலை போய் ஐந்து மாதங்களாகின்றன. உயர்நிலை மூன்றில் படிக்கும் மகன் பள்ளிக்குப் போக மறுக்கிறான். குடும்பச் சேவை நிலையத்தின் சமூக ஊழியரோ, அவன் பள்ளிக்குப் போன நாள்களைப் பற்றியே கேட்கிறார். பிறகு தாளில் வட்டங்கள் போட்டு, உறவினர், அண்டைவீட்டார், கோயில் என்று விசாரிக்கிறார். எங்கள் துன்பத்தைத் தட்டிக்கழிக்கிறாரா? (வாசகி, ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: சகோதரி, வலிக்கிற இடத்தை விட்டு வலிக்காத இடத்தைத் தொட்டுப் பார்க்கும் வைத்தியரிடம் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அவர் கையாள்வது, ஸ்டீவ் டி ஷேசர், இன்சூ கிம் பெர்க் என்ற சிகிச்சையாளர்கள் 1978ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நிறுவிய மையத்தில் வளர்ந்த, தீர்வை நோக்கிய சிகிச்சை முறை. வாரத்தில் நான்கு நாள் போகாதவன் ஐந்தாம் நாள் போனான் என்றால், அன்று மட்டும் எது மாறியிருந்தது என்று தேடுவதே அதன் உயிர்நாடி. முந்தைய இரவு வீட்டில் பணப் பேச்சு எழவில்லையா, நண்பன் மின்தூக்கி அருகே காத்திருந்தானா என்று தெரிந்துவிட்டால், அதை மறுபடியும் நடக்க வைக்கலாம். இப்போதைய நிலைமைக்குப் பத்துக்கு எவ்வளவு மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்டு நீங்கள் மூன்று என்றால், ஒன்றுக்கு இறங்காமல் மூன்றில் தாங்கி நிற்பது எது என்றுதான் அடுத்துக் கேட்பார்.

அந்த வட்டங்கள், சமூகப்பணி அறிஞர் ஆன் ஹார்ட்மன் 1970களில் வகுத்த சூழல் வரைபடம். நெருங்கிய உறவுக்குத் தடித்த கோடு, மெலிந்ததற்குப் புள்ளிக்கோடு, உரசல் உள்ள இடத்தில் குறுக்குவெட்டு. உதவி எந்தப் பக்கம் பாய்கிறது என்பதை அம்புக்குறி சொல்லும். உங்களிடமிருந்து மாமியார், கணவர், பிள்ளை என்று எல்லாத் திசையிலும் அம்புகள் கிளம்பி, உங்களை நோக்கி ஒன்றுகூட வரவில்லை என்றால், சிக்கல் பையனிடம் மட்டும் இல்லை என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். இந்தப் படத்தை வரையாமல் பலத்தை மட்டும் கேட்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. வாடகை பாக்கி நிற்கும் வீட்டில் அரிசி டப்பாவைத் திறந்து பார்க்காமல் 'உங்கள் பலம் என்ன' என்று கேட்பது கொடுமை. ஆகவே பண நெருக்கடியைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அரசின் காம்கேர் நிதியுதவி, மகனின் படிப்புக்குச் சிண்டா எனும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் என்று புதிய கோடுகள் சேர அதுவே வழி.

மகன் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதாகவோ, பள்ளியில் யாரும் அவனைத் துன்புறுத்துவதாகவோ தெரிந்தால், மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு அதை முதலில் சொல்ல வேண்டும். இல்லையெனில் அடுத்த சந்திப்புக்கு முன், அவன் கடைசியாகச் சீருடை அணிந்த காலையில் என்னென்ன நடந்தது என்று கணவரோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.