தரம் யார் பொறுப்பு? பனியன் கம்பெனி அனுபவத்திலிருந்து கேள்வி பதில்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருபது வருடங்களுக்கு மேல் தரப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். தரத்தில் எல்லோரையும் அக்கறை கொள்ள வைப்பது எப்படி என்று பலரும் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (செக்கிங் வேலை, அவிநாசி): அண்ணா, டேமேஜ் பீஸைத் திருப்பிக் கொடுத்தால் டெய்லர்கள் சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்வது?

பதில்: அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறதம்மா. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில், தைப்பவருக்கு ஆல்டர் பார்க்கும் (குறையுள்ள பீஸைத் திரும்பச் சரிசெய்யும்) நேரத்துக்குக் கூலி கிடையாது. குறையைக் காட்டுபவர் கூலியைப் பறிப்பவராகத்தான் தெரிவார்.

ஒருமுறை கழுத்துத் தையல் விட்டு விட்டு வந்தது. மூன்று நாள் அந்த டெய்லர் பெண்ணைத் திட்டினார்கள். நானும் ரிப்போர்ட்டில் 'டெய்லர் தவறு' என்று எழுதினேன். கடைசியில் மெக்கானிக் வந்து பார்த்தால் லூப்பர் (ஊசி நூலைக் கீழிருந்து பிடிக்கும் மெஷின் பாகம்) டைமிங் தள்ளியிருந்தது. அந்தப் பெண் முதல் நாளே சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறார். "ஷிப்மென்ட் முடியட்டும்" என்றுவிட்டார் அவர். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் அந்த லைனில் மெஷின் சத்தம் மாறினாலே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

பீஸை மேஜையில் வீசாமல் மெஷினுக்கே எடுத்துப் போய், டெய்லரோடு சேர்ந்து காரணம் தேடுங்கள். ஆல்டர் நேரத்துக்குக் கூலி கேட்க வேண்டியது உங்கள் மேலாளரின் வேலை.

கேள்வி (கம்பெனி உரிமையாளர்): சார், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் பாஸ் ஆகிவிடுகிறதே, அது போதாதா?

பதில்: வழக்கமான ஏ.க்யூ.எல் 2.5 (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற அளவுகோல்) கணக்கில், 3,000 பீஸ் ஆர்டரில் 125 பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். 7 பெரிய குறைகள் வரை பாஸ், 8 வந்தால் ஃபெயில். மீதி 2,875 பீஸை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். துணியில் இருக்கும் ஓட்டையைக் கட்டிங்கில் பிடித்தால் வெட்டிய ஒரு துண்டோடு போகும். அயர்ன் செய்த பிறகு பிடித்தால் முழுப் பீஸும் போகும். அதனால் துணி விரிப்பவர் கண்தான் உங்கள் முதல் செக்கிங்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கண்டெய்னர் வாசலில் நிற்கும் இரவில் "பரவாயில்லை, பேக் பண்ணு" என்று நீங்கள் ஒருமுறை சொன்னால் போதும், மறுநாள் காலைக்குள் ஃப்ளோர் முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு நான் தரத்தைப் பற்றி எத்தனை வகுப்பு எடுத்தாலும் எடுபடாது.

கேள்வி (மனிதவளப் பிரிவு, கோவை): உறுதிமொழி, பேனர் எல்லாம் வைக்கலாமா?

பதில்: தர நிர்வாகத்தின் முன்னோடி டெமிங், தன் 14 அம்சங்களில் இத்தகைய வாசகங்களைக் கைவிடச் சொன்னார். பெரும்பாலான குறைகள் வேலை அமைந்திருக்கும் விதத்தால் வருபவை என்பது அவர் வாதம். அந்தப் பணத்தில் கறுப்புத் துணி தைக்கும் லைனுக்கு நல்ல வெளிச்சம் போட்டுக் கொடுங்கள்.

கேள்வி (உதிரிபாக ஆலை, ஒரகடம்): டொயோட்டா போலத் தொழிலாளியே லைனை நிறுத்தலாம் என்றால் உற்பத்தி விழாதா?

பதில்: அங்கே குறையைக் கண்ட தொழிலாளி இழுப்பதற்கென்று ஒரு கயிறு உண்டு; அதை இழுத்தவுடன் லைன் நிற்பதில்லை. விளக்கு எரியும், டீம் லீடர் வருவார். வண்டி அந்தத் தொழிலாளி வேலை செய்யும் இடத்தின் எல்லையைத் தாண்டுவதற்குள் சரியானால் ஓட்டம் தொடரும், இல்லாவிட்டால்தான் நிற்கும். உங்கள் ஆலையில் மாதம் முழுக்க யாருமே இழுக்கவில்லை என்றால், பயப்படுகிறார்களா என்று பாருங்கள். தரத்தை இப்படி அக்கறையோடு பார்ப்பது நம் பக்கமும் நடக்காத விஷயமல்ல. 1998-இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவும் 2002-இல் டி.வி.எஸ் மோட்டாரும் தர நிர்வாகத்துக்கான ஜப்பானின் டெமிங் விருதை வாங்கின.

கேள்வி (லைன் சூப்பர்வைசர், திருப்பூர்): அண்ணா, பாதிப் பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். மொழி புரியாமல் எப்படிச் சொல்வது?

பதில்: நல்ல பீஸையும் குறையுள்ள பீஸையும் பக்கத்தில் பக்கத்தில் மெஷின் அருகே தொங்க விடுங்கள். காலை மீட்டிங்கில் அவர்களில் ஒருவரையே அவர் மொழியில் விளக்கச் சொல்லுங்கள். "உனக்குப் புரியாது" என்று ஒதுக்கி வைத்தால் குறையைக் கண்டாலும் வாய் திறக்க மாட்டார்கள். மாதிரிகளை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். மாதக்கணக்கில் ஒரே பீஸ் தொங்கினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.